‘டேக்’ யாரிடம் இருக்கிறது?

எதிர் வீட்டு மாடியில் போன ஞாயிற்றுக்கிழமை ஒரு ஃபேக்டரி திறந்தார்கள். ரிப்பன் வெட்டவில்லை, தேங்காய் உடைக்கவில்லை. உற்பத்திப் பொருள் — ஆங்கிலம்.

பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் தெரு இப்படி: ஒரு பக்கம் நெல், மறுபக்கம் மனை விற்கிறவர்கள் நட்ட வண்ணக் கொடிகள், நடுவே கம்பெனி பஸ்கள். அந்த மாடியில் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண்கள் நால்வர் குடியிருக்கிறார்கள். மாரீஸ்வரி, செல்வி, பேச்சி, கோமதி. நால்வரும் ஒரகடத்தில், கார்களுக்கு ஒயர் கட்டித் தரும் ஒரு கம்பெனியில் ட்ரெய்னிகள். ஒரே லைன்.

இதில் மாரீஸ்வரிக்கு மட்டும் லைன் லீடர் இன்டர்வியூ வந்தது. தேறினால் வேலை நிரந்தரம். தேறாவிட்டால் மாதக் கடைசியோடு அவள் ட்ரெய்னிங் முடிகிறது, ஊருக்குப் பெட்டி கட்ட வேண்டியதுதான். கேள்வி கேட்க ஹெட் ஆபீஸ் மேனேஜர் வருகிறார். இங்கிலீஷில்!

“அக்கா, வியாழக்கிழமைக்குள்ள இங்கிலீஷ் வந்துருமாக்கா?” என்னை மாடிக்குக் கூப்பிட்டுக் கேட்டாள் மாரீஸ்வரி.

வந்துவிடுமா? எனக்கே அது இன்னும் வழியில் எங்கேயோ டிராஃபிக்கில் நிற்கிறது.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். சொற்களைத் தனித்தனியாகப் பொறுக்காதே. சின்ன வினைச்சொற்கள் நாலைப் பிடி — கெட், மேக், டேக், கோ. ஒவ்வொன்றுக்கும் ஒட்டும் கூட்டாளிகள் உண்டு. மிஸ்டேக் வந்தால் ‘மேக்’. ரெஸ்ட் வந்தால் ‘டேக்’. கோபம் வந்தால் ‘கெட் ஆங்ரி’. பால் திரிந்தால் ‘கோ பேட்’. ஜோடி ஜோடியாகப் படி.

அடுப்பில் சாம்பாரை இறக்கி வைத்துவிட்டு மறுபடி மாடி ஏறினால்... லைன் ஓடிக்கொண்டிருக்கிறது!

லைனில் வேலை செய்கிறவர்கள் வேலையைப் பார்த்ததும் என்ன செய்வார்கள்? பிரிப்பார்கள். தரையில் வரிசையாக உட்கார்ந்து ஆளுக்கொரு வினைச்சொல் எடுத்துக்கொண்டிருந்தார்கள். செல்வி ‘மேக்’. பேச்சி ‘கெட்’. கோமதி ‘கோ’. மாரீஸ்வரி துண்டுச்சீட்டில் ‘ஆங்ரி’, ‘நாய்ஸ்’ என்று எழுதி, சாப்பாட்டுத் தட்டில் வைத்துத் தள்ளுகிறாள். சீட்டு யாருடையதோ அவள் ஜோடியைச் சேர்த்துக் கத்த வேண்டும். தப்பு வந்தால், கம்பெனியில் லைனை நிறுத்தும் கயிறு மாதிரி, மேலே தொங்கும் துப்பட்டாவை மாரீஸ்வரி இழுப்பாள். லைன் ஸ்டாப்.

“ஏட்டி கோமதி, ‘பால்ட்’டு உனக்குள்ளதுட்டி! தலை வழுக்கை! தூங்குதியா?”

“கோ பால்ட்! ஏங்க்கா, பேட், மேட், பால்ட்... நாசமாப் போறது பூராம் என் தலையிலயே கட்டுதாளுவ?”

நியாயமான கேள்வி. பால், புத்தி, தலைமுடி — கெடுகிறதெல்லாம் இங்கிலீஷில் ஏன் கிளம்பிப் போகிறது? நல்லதாகிறவை மட்டும் எங்கேயும் போகாமல் வீட்டிலேயே இருக்குமோ? மொழிக்குள்ளும் ஒரு பஸ் ஸ்டாண்ட் இருக்கிறது போலும்.

சத்தம் கேட்டுக் கீழ்வீட்டிலிருந்து ஹவுஸ் ஓனர் தேவகியம்மா ஏறி வந்தார்.

“இன்னாம்மா இது? வூட்ட வாடகைக்கு வுட்டேனா, கம்பெனிக்கு வுட்டேனா?”

“அம்மா, ‘டேக்’குக்கு ஆள் இல்லம்மா. செத்த நேரம் உக்காருங்களேன்” என்றாள் மாரீஸ்வரி.

அதட்ட வந்தவர் உட்கார்ந்தார். டேக் ரெஸ்ட், டேக் லீவ், டேக் டேப்லெட். அரை மணியில் லைனிலேயே வேகமான ஆபரேட்டர் அவர்தான். புதன்கிழமை வரை தினமும் சாயங்காலம் தவறாமல் ‘டூட்டி’க்கு வந்தார்.

வியாழக்கிழமை நடந்ததை நால்வரும் ஒரே நேரத்தில் பேசிச் சொன்னார்கள். பிரித்தெடுத்து எழுதுகிறேன்.

மேனேஜர் இங்கிலீஷில் கேட்டார்: ஓர் ஆபரேட்டர் தவறு செய்தால் நீ என்ன செய்வாய்? மாரீஸ்வரிக்குக் கேள்வி புரிந்தது. அந்தச் சீட்டு யாருடையது என்பதும் தெரிந்தது. கை தானாக மேலே போய், இல்லாத துப்பட்டாவை இழுத்தது.

“என்னம்மா பண்றே?” மேனேஜர் தமிழுக்கு வந்துவிட்டார்.

“லைன் ஸ்டாப் சார்.”

“ஏன்?”

“பார்ட் இல்ல சார். அது செல்விகிட்ட இருக்கு.”

“செல்வி எங்கே?”

“வெளிய நிக்கா சார்.”

முதல் ஷிப்ட் முடிந்து துணைக்கு நின்ற மூவரும் உள்ளே அழைக்கப்பட்டார்கள். செல்வி “மேக் மிஸ்டேக்” என்றாள். பேச்சி “நோ கெட் ஆங்ரி” என்றாள். மெஷின் பற்றிய கேள்விக்குக் கோமதி “கோ பேட்!” என்று கத்தினாள்.

கடைசிக் கேள்வி. ஓர் ஆபரேட்டருக்குக் கையில் வெட்டு. என்ன செய்வாய்?

நால்வரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ‘டேக்’ பிள்ளைப்பாக்கத்தில் இருக்கிறது!

விஷயத்தைக் கேட்டு மேனேஜர் தன் போனையே நீட்டினாராம். நம்பர் கோமதிக்கு மனப்பாடம். ஸ்பீக்கரில் தேவகியம்மா.

“இன்னாம்மா? உலை வச்சிகினு கீறேன்.”

“அம்மா, ஒரு புள்ளைக்குக் கை வெட்டிட்டு. என்ன சொல்லணும்?”

“ஐயையோ! யாருக்குமா? டேக் ரெஸ்ட்! டேக் டேப்லெட்! டேக் ஆஸ்பத்திரி! அழுவாத, இரு, தோ வந்துகினே கீறேன்!”

போன் கட்டாகிவிட்டது. திரும்பக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் செக்யூரிட்டி கேட்டிலிருந்து தகவல்: ஒரு அம்மா ஆட்டோவோடு நிற்கிறார், அடிபட்ட பெண்ணை உடனே வெளியே அனுப்பச் சொல்லிச் சண்டை போடுகிறார்.

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாராம். சிரிப்பா, வேறா... அதில் மட்டும் நால்வருக்கும் ஒத்த கருத்து இல்லை.

நான் மாரீஸ்வரியிடம் கேட்டேன். “தினமும் காதுல விழுந்துச்சே, ஒண்ணுகூடவா ஒட்டல?”

“விழுந்துச்சுக்கா. ஆனா யாரு லேட்டு, யாரு கரெக்ட்டுன்னு மட்டும்தான் கேட்டேன்.”

லைன் லீடரின் காது அது. மேனேஜருக்கும் அப்படித்தான் பட்டிருக்க வேண்டும். சனிக்கிழமை ரிசல்ட் வந்தது. மாரீஸ்வரி தேர்வு. முதல் மூன்று மாதம் ட்ரையல், பிறகுதான் நிரந்தரம்; அதற்குள் இங்கிலீஷைத் தன் வாயாலேயே பேச வேண்டும்.

அன்று சாயங்காலமே மாடியில் புது உத்தரவு: இனி யாரும் ஒரே வினைச்சொல்லில் உட்காரக் கூடாது. தினமும் இடம் மாற வேண்டும், லீடர் உட்பட.

மூவரும் மாறினார்கள். தேவகியம்மா மாறவில்லை.

“டேக்கு என்னுதும்மா. இன்னொருத்திக்குக் குடுக்க மாட்டேன். வோணும்னா வேற வூடு பாத்துக்க.”

லைன் லீடர் மாரீஸ்வரி சந்தித்திருக்கும் முதல் தொழிலாளர் பிரச்சினை!