நான் கொடுக்காத கையாந்தகரை

சொந்தத்தில் ஒரு கல்யாணம், மண்டபத்தில் ஒரு மாமி சொன்னது இதுதான்: "அண்ணனுக்கு ஒரு பிடி இலை குடுக்க மனம் வரேல்லை, பேந்தென்ன சகோதரம்?" என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. என் தட்டில் இருந்த வடையைப் பார்த்துச் சொன்னார். கொழும்பில் காலி வீதிப் பக்கத்து மண்டபம், மேளச் சத்தம், போதாததற்கு வீடியோக்காரர்களின் கூச்சல். அதையெல்லாம் தாண்டி அடுத்த மேசைக்கும் கேட்கிற குரல் மாமிக்கு.

நான் வடையைத் தின்றுகொண்டிருந்தேன். என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்பமாட்டார்கள். வெள்ளவத்தைச் சந்தையில் மீனைச் செதிலோடு நிறுத்தால்கூட வரிந்து கட்டிக்கொண்டு நிற்கிறவள் நான். அப்படிப்பட்டவள் ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்பதைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் எனக்கு வயிறெரிந்தே போய்விடும்.

முதலில் அந்த இலை. அதைப் பற்றிக் கதைக்கிறவர்களில் பாதிப் பேர் அதைக் கண்ணால் கண்டதில்லை. நாங்கள் கையாந்தகரை என்போம். இந்தியாக்காரர் கரிசலாங்கண்ணி என்பார்கள். சந்தையில் மரக்கறி விற்கும் சிங்கள அம்மாவிடம் கீகிரிந்திய என்று கேட்டால் தருவார், அதுவும் கிடைத்த நாளில். சூரியகாந்தியின் சொந்தம் என்று யாரும் சொன்னால் சிரிப்பு வரும். பூ அவ்வளவு சின்னது, வெள்ளையாக, சட்டைப் பித்தான் அளவில். இலையைக் கசக்கினால் முதலில் பச்சை, கொஞ்ச நேரத்தில் விரல் கறுத்துப்போகும். அந்தக் கறுப்பு நகத்தோடு கந்தோருக்குப் போய் நான் காணி உறுதிப் பத்திரங்கள் டைப் பண்ணியிருக்கிறேன். வந்திருந்த ஒருவர் கார்பன் பேப்பர் இன்னும் பாவிக்கிறீர்களா என்று கேட்டார்.

எங்கள் ஃபிளாட் கடலுக்கும் ரயில் பாதைக்கும் பக்கம். உப்புக் காற்றுக்குக் கறிவேப்பிலை கருகியது, துளசி கருகியது, ரோசாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கையாந்தகரை மட்டும் நின்றது. அதற்குக் காரணம் பக்கத்து அறை ஏசி. அதன் குழாய் எங்கள் பல்கனியில்தான் சொட்டும். சும்மா வாளி வைத்தால் நுளம்பு வரும், டெங்கு பார்க்க வருகிறவர்கள் வழக்குப் போடுவார்கள். கீழே ஓட்டை போட்ட நீலப் பீப்பாயில் மண் நிரப்பி, சொட்டுகிற இடத்தில் வைத்தேன். எப்போதும் ஈரம், நாள் முழுக்க வெயில். அதற்கு வேறென்ன வேண்டும், காடாக வளர்ந்தது.

அந்தப் பீப்பாயை எனக்குக் கொண்டுவந்து தந்தவர் அண்ணா. அவருக்கு ஒருகொடவத்தையில் கொன்டெய்னர் யார்ட் ஒன்றில் வேலை. கழித்துவிட்ட பீப்பாய் ஒன்றைக் கேட்டு வாங்கி, தானே பாதியாக அறுத்து, லிஃப்ட் பழுதாகிக் கிடந்த நாளில் படியால் தூக்கிக்கொண்டு வந்தார். மூச்சு வாங்கிக்கொண்டு, "உனக்குத் தலைமயிர் வளர எனக்கு நெஞ்சு வெடிக்குது" என்றார். அண்ணா அப்படித்தான், கேலி செய்துகொண்டே எல்லாம் செய்வார்.

நான் அதை வைத்துச் செய்ததெல்லாம் எண்ணெய்தான். இடைக்கிடை தேங்காய்ப்பூ போட்டு ஒரு கீரைச் சுண்டல். எண்ணெய்க்கு இலையை அரைத்துச் சாறு பிழிந்து, தேங்காயெண்ணெயில் விட்டு, மெல்லிய நெருப்பில் வைத்துக் கிண்டிக்கொண்டே நிற்க வேண்டும். சடசடப்பு அடங்கிய பிறகு ஒரு திரியைத் தோய்த்துக் கொளுத்திப் பார்ப்பேன். பொரிந்தால் உள்ளே இன்னும் தண்ணீர் இருக்கிறது. அமைதியாக எரிந்தால் இறக்கலாம். லண்டன், கனடாவிலிருந்து வருகிற சொந்தமெல்லாம் போகும்போது ஆளுக்கொரு போத்தல் எடுத்துப்போகும். அப்போது நான் தங்கமான பிள்ளை.

போன வருடம் அண்ணாவுக்குக் கண் மஞ்சளாகியது. அண்ணிதான் அழைத்தார். "மச்சாள், இவருக்குச் செங்கண்மாரி போல கிடக்கு. உங்கட கையாந்தகரையில ஒரு பிடி வேணும். விடிய வெறுவயித்தில மோரில கலந்து குடுக்கோணுமாம்."

கந்தோரிலிருந்து நேரே கிருலப்பனைக்குப் போனேன். அண்ணா சாய்மனைக் கதிரையில் கிடந்தார். கண் மட்டுமல்ல, உள்ளங்கையும் மஞ்சள். சாப்பாட்டைக் கண்டாலே ஓங்காளிக்கிறார் என்றார் அண்ணி. பகலெல்லாம் நித்திரை, இரவில் விழிப்பு. கிழமைக் கணக்காக இப்படியாம். பக்கத்து வீடு, எதிர் வீடு, சித்தப்பா, பெரியப்பா, எல்லோரும் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: செங்கண்மாரிக்கு ஆஸ்பத்திரியில் மருந்தில்லை, இலைதான். சொன்னவர்களில் ஒருவர் எஞ்சினியர், ஒருவர் கணக்காளர். அண்ணியே வங்கியில் வேலை செய்கிறவர். தங்கள் காரில் சின்னக் கீறல் விழுந்தால் கராஜுக்கு ஓடுகிற கூட்டம், மனிதனின் ஈரலுக்குத் தோட்டத்தைத் தேடுகிறது.

"ஆஸ்பத்திரிக்குப் போவம். இப்பவே போவம்" என்றேன்.

"இலையைக் குடிச்சுப் பாப்பம், சரிவராட்டிப் போவம்" என்றார் அண்ணா.

"போயிட்டு வாங்கோ. நாளைக்கே ஒரு கூடை இலை கொண்டுவந்து தாறன். போகாம ஒரு இலையும் இல்லை."

அதுதான் நான் சொன்னது. இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். இலையைக் கையில் கொடுத்தால் அந்த வீட்டில் எவரும் ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பியும் பார்க்கமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அந்த இலையை வளர்க்கிறவள் நான். அது ஈரலுக்கு நல்லது என்று சொல்லக் கேட்டிருக்கிறேன், இருக்கவும் கூடும். ஆனால் கண் எதனால் மஞ்சளாகியது என்று இரத்தத்தைப் பார்த்துச் சொல்ல என் பீப்பாய்க்குத் தெரியாது.

அண்ணா சிரித்தார். "எண்ணெய் காய்ச்சக் குறைஞ்சு போகுமெண்டு பயப்பிடுறாள்." அண்ணி சிரிக்கவில்லை. வாசல் வரை வந்து வழியனுப்பவும் இல்லை.

இரண்டு மூன்று நாள் நான் போன் பண்ணினேன், அவர்கள் எடுக்கவில்லை. பிறகு அண்ணியே அழைத்தார், குரலில் ஒரு வெற்றி. "உங்கட இலை வேண்டாம் மச்சாள். கிடைச்சிட்டுது. மஞ்சள் பூக் கையாந்தகரை, அதுதான் இன்னும் விசேஷமாம். குடுத்துக்கொண்டு வாறன்."

மஞ்சள் பூவில் ஒன்று இருப்பது உண்மைதான். கொழும்பில் நான் அதை எங்கும் கண்டதில்லை. "எங்க கிடைச்சது? ஒரு படம் அனுப்புங்கோ" என்றேன். வாட்ஸப்பில் படம் வந்தது. பார்த்தவுடன் காது சூடாகிவிட்டது. பெரிய மஞ்சள் பூ, மினுமினுத்த இலை, இலைக்கு இரண்டு பக்கமும் காது மாதிரி ஒவ்வொரு பிரிவு. றோட்டு நடுவில், ஃபிளாட் வாசலில், வாய்க்கால் கரையில் அழகுக்கு நட்டுவிட்டிருக்கிற படர்கொடி அது. பூங்கன்றுக் கடையில் தட்டுத் தட்டாக விற்கிறார்கள். கையாந்தகரைக்கு அது தூரத்துச் சொந்தமாக இருக்கலாம். அதற்காக வழியில் போகிற சொந்தத்தையெல்லாம் வீட்டுக்குள் விடுவோமா? அண்ணி அதைக் கிருலப்பனை வாய்க்கால் ஓரத்தில் பிடுங்கியிருக்கிறார். தெருநாய்கள் காலைத் தூக்குகிற இடம், புல்லுக்கு மருந்தடிக்கிற இடம். வழியில் போன ஒருவரிடம் கேட்டாராம், அவரும் ஓம், இதுதான் என்றாராம். எங்கள் சனத்திடம் மருந்தென்று எதைக் காட்டினாலும் ஓம் என்று சொல்ல ஒருவர் வழியில் வருவார்.

ஓட்டோ பிடித்துப் போனேன். அண்ணா கட்டிலில் உட்கார்ந்து சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "யார்ட் திறப்பு எங்க? லொறி வந்து நிக்குது" என்றார். லொறியும் இல்லை, சாவியும் இல்லை. கையை நீட்டுங்கோ என்றேன். விரல்கள் தாமாக அடித்துக்கொண்டன. அண்ணி கதவோடு நின்று என்னைப் பார்த்தார். அந்த முகத்தை நான் மறக்கவில்லை. அரைத்த இலையின் பச்சை அவர் விரலில் இருந்தது. என் இலையாக இருந்திருந்தால் அது கறுத்திருக்கும்.

ஓட்டோக்காரரும் நானும் இரண்டு பக்கமும் பிடித்து ஏற்றினோம். ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டொக்டர், சிங்களப் பிள்ளை, அண்ணாவின் கண் இமையைத் தூக்கிப் பார்த்தபடியே என்னிடம் கேட்டார்: "மொனவத துன்னே?" என்ன கொடுத்தீர்கள் என்று. அண்ணி பச்சை விரல்களை மடக்கிக்கொண்டார். நான்தான் சொன்னேன், இலை என்று. என்ன இலை? றோட்டோரத்து மஞ்சள் பூ இலை. அவர் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு வந்த திட்டு முழுவதையும், அந்த எஞ்சினியர், கணக்காளர், பெரியப்பா, வழியில் ஓம் சொன்னவர், எல்லோருக்கும் சேர்த்து நானே நின்று வாங்கினேன். இலை கெடுத்ததா என்று தன்னால் சொல்ல முடியாது, கடத்தின நாட்கள் கெடுத்திருக்கின்றன என்றார். பிழைப்பாரா என்று கேட்டதற்கு, நாளைக்குக் கேளுங்கள் என்றார்.

ஒவ்வொரு நாளும் போய் அதையே கேட்டேன். பல நாள் ஒரே பதில்தான். பிறகு ஒரு காலை அண்ணா என் பெயரைச் சரியாகச் சொன்னார், ஆஸ்பத்திரிச் சோற்றைக் குறை சொன்னார். நான் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன்.

அவர் வீடு வந்து சேருவதற்கு முன்னமே கதை வீட்டுக்கு வந்துவிட்டது. கொடுத்தது பிழையான இலையாம். சரியான இலை தங்கச்சியின் பல்கனியில் காடாகக் கிடந்ததாம். கேட்டும் அவள் கொடுக்கவில்லையாம். கொடுத்திருந்தால் மனிதன் ஆஸ்பத்திரி வாசலை மிதித்திருக்க வேண்டியதே இல்லையாம். லண்டனில் இருந்து ஒரு மச்சாள் எனக்குக் குரல் செய்தி அனுப்பினாள், "நீங்க இப்பிடிச் செய்வீங்களெண்டு நினைக்கேல்லை" என்று. அவள் தலையில் அந்த நேரமும் என் எண்ணெய்தான் இருந்திருக்கும்.

கொட்டாஞ்சேனையில் இருந்தெல்லாம் முன்பின் தெரியாதவர்கள் இலை கேட்டு வந்தார்கள். தலைக்கா என்று கேட்பேன். கண் மஞ்சள் என்றால் கதவடியிலேயே ஆஸ்பத்திரிக்கு எந்த பஸ் போகும் என்று சொல்லி அனுப்புவேன். பெயர் இன்னும் கெட்டது. கெட்டால் கெடட்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணா வந்தார். இளைத்துப் போயிருந்தார், பெல்ட்டில் புதிதாக ஓட்டை குத்தியிருந்தார். பல்கனிக் கதிரையில் உட்கார்ந்து பீப்பாயைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கூடை இலை எங்க? நான் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்திட்டனே" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஊரெல்லாம் நான் உங்களைக் கொல்லப் பாத்தனெண்டு கதைக்குது. ஆர் துவங்கினது இந்தக் கதையை?"

"நான்தான்" என்றார்.

ரயில் ஒன்று போனது. அதன் சத்தம் அடங்கியதும் அவர் தொடர்ந்தார்.

"அவள் விடிய எழும்பி அரைச்சுத் தந்தவள், பிள்ளை. பிழையான இலையெண்டு தெரிஞ்சாப் பிறகு சாப்பாடில்லை, நித்திரையில்லை. நான் என்ர கையாலயே குடுத்தனே எண்டு சுவரைப் பாத்துக்கொண்டிருப்பாள். தலைமயிர் பிடி பிடியாக் கொட்டுது. நான் சொன்னன், அது உன்ர பிழையில்லை, தங்கச்சி இலை தந்திருந்தா நீ ஏன் வாய்க்காலுக்குப் போறாய் எண்டு. அதைக் கேட்டாப் பிறகுதான் ஒரு வாய் சோறு தின்டவள்."

"அப்ப பழி எனக்கோ?"

"நீ தாங்குவாய்."

அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். என்ன துணிவு. நான் தாங்குவேன் என்று எவர் நிறுத்துப் பார்த்தது? சத்தம் போடுகிறவளுக்கு நோகாது என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஒரு நினைப்பு. அழுகிறவர்களைச் சுற்றி நின்று பார்ப்பார்கள், கோபப்படுகிறவளின் தலையில் மிச்சத்தைக் கட்டிவிடுவார்கள். இதையெல்லாம் அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார், ஒன்றையும் மறுக்கவில்லை. போகும்போது ஏசிக் குழாய்க்கு நேராகப் பீப்பாயைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துவிட்டுப் போனார்.

அந்தக் கிழமையே பீப்பாய் முழுவதையும் அடிக்கட்டையோடு வெட்டினேன். இலையாகக் கொடுக்கவில்லை, எண்ணெயாகக் காய்ச்சினேன். திரி சத்தமில்லாமல் எரிந்த பிறகு இறக்கி, ஆறவைத்து, போத்தலில் விட்டு அண்ணிக்கு அனுப்பினேன். நன்றி என்று ஒரு வார்த்தை வரவில்லை. போத்தலும் திரும்பி வரவில்லை.

கல்யாண மண்டபத்தில் மாமி அதைச் சொன்னபோது, இரண்டு கதிரை தள்ளி அண்ணி இருந்தார். தலையில் என் எண்ணெய் மணந்தது. புதிதாக முளைத்த மயிர் நெற்றியோரம் குட்டி குட்டியாக நின்றது. மாமியின் குரல் கேட்டதும் அவர் கை தட்டில் அப்படியே நின்றுவிட்டது. அவர் என்னைப் பார்க்கவில்லை. வாய்க்கால் இலையை அரைத்துக் கொடுத்தது யார் என்று சொல்ல எனக்கு ஒரு வசனம் போதும். அந்த மண்டபம் முழுக்க அடங்கியிருக்கும்.

நான் வடையைத் தின்று முடித்தேன். வசனம் இன்னும் வாய்க்குள்தான் இருக்கிறது. மாமியில் எனக்குக் கோபம், லண்டன் மச்சாளில் கோபம், அந்த எஞ்சினியரில் கோபம். ஆனால் நான் தாங்குவேன் என்று அண்ணா சொன்னது சரியாய்ப் போய்விட்டதே, அதில்தான் எனக்கு ஆறாத கோபம்.