கொண்டக்டர் மேல் நான் எழுதிய முறைப்பாடு

1984ஆம் ஆண்டு, தை மாதம். கொடிகாமத்துக்கு உள்ளே ஒரு சிறிய பாடசாலையில் ஆசிரியையாக இருந்தேன். ஆசிரியர் சங்கத்தின் கிளைச் செயலாளரும் நான்தான். வேறு யாரும் சம்மதிக்காததால் வந்த பதவி!

அந்த வருடம்தான் முதன்முதலாக எங்கள் மாணவிகள் மூன்று பேர் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையில் தேறி, யாழ்ப்பாணத்துப் பெரிய பள்ளிக்கூடம் ஒன்றுக்குத் தெரிவானார்கள். ஊரே துள்ளியது. இரண்டு கிழமை போகவில்லை, காலை ஆறு மணி பஸ்ஸை நிறுத்தப்போவதாக அறிவித்தல் வந்தது. பயணிகள் போதாதாம். அடுத்த பஸ் எட்டரைக்கு. தினமும் பிந்தி வந்தால் இடம் வேறு பிள்ளைக்குப் போய்விடும் என்று அந்தப் பள்ளிக்கூடமும் சொல்லிவிட்டது.

"விடுங்கோ ரீச்சர், பிள்ளை இஞ்சையே படிக்கட்டும்" என்றார் ஒரு தகப்பன், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

எனக்குக் கொதித்தது. மூளையைப் பார்த்துத் தெரிவு செய்தார்களா, வீடு எங்கே இருக்கிறது என்று பார்த்தா?

பஸ் தொழிலாளர் சங்கமும் இதை எதிர்க்கிறது என்று கேள்விப்பட்டு டிப்போவுக்கு ஓடினேன். சங்கச் செயலாளர் மேசையிலிருந்து நிமிர்ந்தார். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றாமல் போகிறார் என்று போன வருடம் நான் முறைப்பாடு எழுதி, விசாரணைவரை இழுத்துவிட்ட அதே கொண்டக்டர்!

"இருங்கோ ரீச்சர். உங்கடை கடிதத்தின்ரை கொப்பி என்னட்டைக் கிடக்கு."

மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் மேசை லாச்சியைத் திறந்து அதை நீட்டினார். 'மிதிபலகையிலும் கால் வைக்க இடமில்லை என்று சொல்லி, ஆறு மணி பஸ்ஸில் ஏற்றாமல் பதினொரு பிள்ளைகளை விட்டுவிட்டுப் போனார்' என்று என் கையாலேயே எழுதியிருந்தேன்.

"ஆக்கள் இல்லையெண்டு சொல்லுகினம். இதைவிடச் சாட்சி வேணுமோ?" என்று சிரித்தார்.

அதன்பிறகு எங்களைப் பிடிக்க முடியவில்லை. இரண்டு சங்கமும் சேர்ந்து கொடிகாமம் சந்தைக்குள் இறங்கினோம். கத்தரிக்காய்க் குவியலுக்குப் பக்கத்தில், பஸ்ஸை நிறுத்த வேண்டாம் என்ற மனுவை நாங்கள் விரிக்க, மரக்கறி விற்கும் பெண்கள் வரிசையாகக் கையெழுத்து வைத்தார்கள். மூன்றாம் நாள் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு டிப்போ மேலதிகாரி முன்னால் போய் நின்றோம்.

அவர் என் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தார். "இது நீங்கள் எழுதினதோ?"

"ஓம். கொண்டக்டரிலை பிழை எண்டு நினைச்சு எழுதினனான். பிழை அவரிலை இல்லை. இருக்கிற பஸ் ஆக்களுக்குக் காணாது."

எல்லோர் முன்னிலையிலும் அதைச் சொல்லும்போது காது சுட்டது. அதிகாரி பெருமூச்சு விட்டு, அறிவித்தலின் மேல் குறுக்கே கோடு இழுத்தார்.

திங்கட்கிழமை ஆறு மணிக்கு பஸ் வந்தது. வெள்ளைச் சட்டையில் மூன்று பிள்ளைகளும் ஏற, "தள்ளி நில்லுங்கோ, பெரிய பள்ளிக்கூடத்துப் பிள்ளையள் வருகினம்!" என்று அதே கொண்டக்டர் கத்தினார். வழியனுப்பப் போன நானும் சந்தோஷம் தாங்காமல் ஏறிவிட்டேன். அடுத்த தரிப்பில் இறங்கி, தனியே சிரித்தபடி நடந்து வந்தேன்.

சில வருடங்களில் போர் முற்றி அந்த பஸ்ஸும் நின்றுபோனது. ஆனால் நான் குற்றவாளியாக்கப் பார்த்த மனிதர் அந்தக் குற்றச்சாட்டையே என் பிள்ளைகளுக்காக எடுத்துத் தந்த பெருந்தன்மையை நினைக்கும்போது, கோபத்தில் எடுக்கும் பேனா இன்றும் என் கையில் ஒரு கணம் நின்றுவிடுகிறது.