வலது என்றால் யாருடைய வலது

போர்வை மடிக்கும்போது என் அக்கா தன் கையைப் பார்க்கமாட்டாள். எதிரே நிற்கிற என் கையைத்தான் பார்ப்பாள். இத்தனை வருடத்தில் நான் இதை எத்தனையோ தடவை கவனித்திருக்கிறேன். அவளுக்கே அது தெரியாமல் இருந்தது.

எங்களுடையது சலவைக்கடை. ஓட்டல் மெத்தை விரிப்புகளை ஒருத்தியால் மடிக்க முடியாது. ஒரு முனையில் அவள் இரண்டு மூலையைப் பிடிப்பாள், மறுமுனையில் நான். உதறி, நீளவாக்கில் மடிப்போம். ஓட்டல் பெயர் தைத்த மூலை மேலே வரவேண்டும். அது என் முனையில் இருப்பதால், எந்தக் கையை மேலே கொண்டுவருவது என்று நான்தான் சொல்வேன். "வலது" என்பேன், இல்லையென்றால் "இடது" என்பேன். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுக் கடைக்கு வந்த நாள் முதல் நான் அதிகம் பேசியது இந்த இரண்டு வார்த்தைகளாகத்தான் இருக்கும். மிச்சத்தை எல்லாம் அக்கா பேசிவிடுவாள்.

வேனை அத்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து துணிக்கட்டு சரியாமல் பார்த்துக்கொள்வேன். ஒருநாள் எதிரே வந்த ஒரு பஸ் அவருக்கு இரண்டாகத் தெரிந்தது. கண் டாக்டர், இனி வண்டிச் சாவியையே தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

"நான் ஓட்டறேன்" என்றாள் அக்கா.

அத்தான் சிரித்தார். "நீ தையல் மெஷின் ஓட்டினாலே ஊசி ஒடியும்."

"ஊசிதானே ஒடியுது, ஆள் ஒடியலையே?"

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் இடது என்றால் இடது, வலது என்றால் வலது, சரியாகத் திரும்பினாள். லைசென்ஸ் முதல் தடவையிலேயே கிடைத்துவிட்டது. மாஸ்டர் என்னிடம் மட்டும் தனியாகச் சொன்னார்: "உங்க அக்காவுக்கு பயமே இல்லம்மா. அதான் எனக்கு பயமா இருக்கு."

கடைக்குப் பக்கத்துத் தெருக்களில் அவள் நன்றாகவே ஓட்டினாள். ஓட்டலுக்குப் போகும் வழியில்தான் மேம்பாலத்தடி முனை இருந்தது. ஐந்து ரோடு வந்து சேரும் இடம். ஒன்று பாலத்தின் மேல் ஏறிப் போகும், ஒன்று பஸ் ஸ்டாண்டுக்குள் போகும். நாங்கள் போகவேண்டியது பாலத்தின் தூணுக்கு அந்தப்புறம், வலதுபக்கம். சிக்னலில் ஒரே சமயத்தில் மூன்று பச்சை எரியும், அதில் எது நமக்கு என்று பார்ப்பதற்குள் பின்னால் ஹாரன் அடிப்பார்கள். அங்கே மட்டும் அவளுக்கு நான் வழி சொல்லவேண்டும்.

முதலில் கையை நீட்டிக் காட்டினேன். அவள் கண் என் கை பின்னாலேயே வந்தது. பைக்கில் வந்த ஒருவர் தப்பியது அவர் செய்த புண்ணியம். அத்தான் அதைக் கேட்டுவிட்டு, "கையை மடியில வெச்சுக்கோ. வாயைத் தொறந்து சொல்லு" என்றார்.

அன்றிலிருந்து வாயைத் திறந்து சொன்னேன். எல்லாம் கெட்டதும் அன்றிலிருந்துதான். நான் வலது என்றால் அவள் இடதுபக்கம் போனாள். பஸ் ஸ்டாண்டுக்குள் நுழைந்து, பஸ்களுக்கு நடுவே எங்கள் குட்டி வேன் முழித்துக்கொண்டு நின்றது. இப்படியே தொடர்ந்து இரண்டு நாள் துணி தாமதமாகத்தான் ஓட்டலுக்குப் போய்ச் சேர்ந்தது.

ஓட்டல் மேனேஜர் கத்தவில்லை. "ரூம்ல ஆள் வந்து வெறும் மெத்தையில உக்காந்திருக்காங்க. நாளைக்கும் லேட்டுன்னா நான் வேற கடை பாத்துக்கறேன்" என்று மெதுவாகச் சொன்னார். கடைக்கு வரும் வேலையில் பாதி அந்த ஓட்டலுடையது. அது போனால் இஸ்திரி போடும் இரண்டு பெண்களையும் வீட்டுக்கு அனுப்பவேண்டியதுதான்.

மறுநாள் சீக்கிரமே கிளம்பினோம். முனை வந்தது. "வலது" என்றேன். இடதுபக்கம் திருப்பினாள். பஸ் ஸ்டாண்டைச் சுற்றிக்கொண்டு திரும்பவும் முனைக்கு வந்தோம். "வலதுக்கா, வலது!" என்று என்னால் முடிந்த அளவு கத்தினேன். மறுபடி இடது. மூன்றாவது சுற்றில் பிரேக் அடித்த அடியில் துணிக்கட்டு அவிழ்ந்து என் மேல் விழுந்தது. டிராபிக் போலீஸ்காரர் ஓரம் கட்டச் சொன்னார்.

"என்னம்மா, செக்குமாடு மாதிரி என்னையே சுத்திச் சுத்தி வர்றீங்க?"

"இவ வழி தப்பாச் சொல்றா சார்" என்றாள் அக்கா.

"நான் வலதுன்னுதானே சொன்னேன்?"

"நானும் வலதுதானேடி திருப்பினேன்?"

போலீஸ்காரர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "எங்க, வலது கையைத் தூக்குங்க." தூக்கினோம். இரண்டு பேரும் சரியான கையைத்தான் தூக்கினோம். அவருக்கும் ஒன்றும் புரியவில்லை. "அப்புறம் என்னதாம்மா பிரச்சனை?" என்று தலையைச் சொறிந்தார். அதற்குள் நடு ரோட்டில் ஒரு லாரி நின்றுவிட, அங்கே ஓடினார்.

கலைந்த விரிப்பை அப்படியே கொண்டுபோக முடியாது. நடைபாதையில் எதிரெதிரே நின்று மடித்தோம். அக்காவின் கண் வழக்கம்போல என் கைமேல் இருந்தது. "வலது" என்றேன். என் வலது கை மேலே வந்தது. அவளுடைய இடது கை மேலே வந்தது.

இன்னொரு விரிப்பை எடுத்தேன். "இடது." அவளுடைய வலது கை வந்தது. மூலைகள் அழகாகப் பொருந்தின.

"அக்கா, நான் வலதுன்னா நீ எந்தக் கையைத் தூக்கறே, பாரு."

பார்த்தாள். விரிப்பைக் கீழே விடாமல் அப்படியே நின்றாள். "அடிப்பாவி" என்றாள். என்னைச் சொன்னாளா, தன்னையே சொன்னாளா என்று தெரியவில்லை. "மாஸ்டர் சொன்னா சரியாப் போனேனே?"

"மாஸ்டரோட நீ போர்வை மடிக்கலையே."

வேனில் ஏறினோம். வலது, இடது என்று வாயே திறக்கக்கூடாது என்று முடிவு செய்துகொண்டோம். ஸ்டியரிங் இருக்கும் வலதுபுறம் அவள் பக்கம். நான் உட்கார்ந்திருக்கும் இடதுபுறம் என் பக்கம். முனை வந்தது. மூன்று பச்சையும் எரிந்தன.

"உன் பக்கம்" என்றேன். தூணைச் சுற்றி வேன் அவள் பக்கம் திரும்பியது. போலீஸ்காரர் நெஞ்சில் கைவைத்துப் பெருமூச்சு விட்டது கண்ணாடியில் தெரிந்தது.

மேனேஜர் பின்வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்த்தார். தாமதமா இல்லையா என்று அவர் சொல்வதற்குள் ரூம் சுத்தம் செய்கிற அம்மா கட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். மேனேஜர் எங்களைப் பார்த்தார். "நாளைக்கும் இதே நேரத்துக்கு வந்துடுங்க" என்றார்.

ஓட்டல் வேலை இன்றும் எங்களிடம்தான் இருக்கிறது. இஸ்திரிப் பெண்கள் இரண்டு பேரும் இருக்கிறார்கள். மேம்பாலத்தடி முனை அக்காவுக்கு இன்னும் தனியாகப் பிடிபடவில்லை, தினமும் நான் கூடப் போகிறேன். வேனில் "உன் பக்கம், என் பக்கம்", கடையில் "வலது, இடது." சில நாள் நான் கடையிலும் "உன் பக்கம்" என்று சொல்லிவிடுகிறேன். அப்போது இரண்டு பேரும் விரிப்பைப் பிடித்தபடி, எந்தக் கையைத் தூக்குவது என்று தெரியாமல் நிற்கிறோம்.