என் கை பட்ட விளக்கு

என் புருஷன் செங்கல் சூளையில் வேலை பார்த்தவர். சிங்கப்பூரில், சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால், எருமைக் கொட்டகைகளையும் தாண்டி அந்தச் சூளை இருந்தது. நாங்கள் குயவர்கள். வாரம் முழுக்கச் செங்கல் அறுப்பவர், ஞாயிற்றுக்கிழமை தன் சக்கரத்தில் சட்டி பானை வனைவார். மண்ணை மிதிப்பதும், பிசைவதும், பானையின் அடியைத் தட்டிச் சேர்ப்பதும் என் வேலை. சக்கரத்தை மட்டும் நான் தொடக்கூடாது. பெண் தொட்டால் ஆகாது என்பார்கள்.

கப்பலேறி வந்த நாலாவது வருஷம் காய்ச்சலில் அவர் போய்ச் சேர்ந்தார். காரியம் முடிந்த மறுநாள் அவருடைய அண்ணன் வந்து சக்கரத்தை மாட்டுவண்டியில் ஏற்றினார். ஜொகூர் பக்கம் அவருக்கு வேலை.

"உனக்கு எதுக்கு இது?" என்றார்.

நான் பேசாமல் நின்றேன். அப்படி நின்றதற்காக வெகுநாள் என் மேலேயே எனக்குக் கோபம் இருந்தது.

அடுத்து வந்தவர் சூளையின் கங்காணி. "குடிசையக் காலி பண்ணணும்மா. கப்பலுக்கு ஏற்பாடு பண்ணித் தாறோம். ஊரு போய்ச் சேந்துடு."

ஊரில் என் சித்தி ஒருத்தி இருபது வயதில் தாலி அறுத்தவள். வீட்டிலிருந்து யாராவது வெளியே கிளம்பினால், முதலில் அவளை உள்ளே போகச் சொல்வார்கள். அவளும் போவாள். நான் போய் நிற்க வேண்டிய இடம் அவள் பக்கத்தில்தான் என்று எனக்குத் தெரியும்.

"நான் போகல" என்றேன்.

"தனியா என்ன பண்ணுவ?"

"அது என் பாடு."

எருமைக் கொட்டகையில் பால்காரர் மனைவி எனக்கு ஒரு மூலை கொடுத்தாள். என்னைவிட நாலைந்து வயது பெரியவள். அக்கா என்று கூப்பிடுவேன். சாணி அள்ளி வரட்டி தட்ட வேண்டும், அதற்குச் சோறு. தட்டினேன். ஆனால் கை வேறொன்றைத் தேடியது. சூளைக் குட்டையின் கரையில் நல்ல களிமண் கிடந்தது. ஒரு கூடை அள்ளி வந்தேன். சக்கரம் இல்லாமல் பானை வனைய முடியாது. விளக்கு செய்யலாமே. எலுமிச்சம்பழ அளவு உருண்டை பிடித்து, கட்டைவிரலை நடுவில் அழுத்தி, சுற்றிச் சுற்றிக் கிள்ளிக்கொண்டே வந்தால் கிண்ணம் ஆகிவிடும். ஓரத்தில் ஓர் இடத்தை இரண்டு விரலால் இழுத்துவிட்டால் திரிக்கு மூக்கு.

முதல் தடவை சுட்டது அத்தனையும் வெடித்தது. இந்த ஊர்க் காற்றில் எப்போதும் ஈரம். காய்ந்தது போலத் தெரிந்த மண் உள்ளே காய்ந்திருக்கவில்லை. கார்த்திகை நெருங்க நெருங்க மழை வேறு. கொட்டகையில் கொசுவுக்காக மூட்டம் போடுவார்கள். அந்தப் புகைக்கு மேலே பரண் கட்டி விளக்குகளை அடுக்கினேன். எட்டு நாள் காயவிட்டேன். களிமண்ணில் கொஞ்சம் மணலும் சேர்த்திருந்தேன். பிறகு குழி தோண்டி, விளக்குகளை அடுக்கி, வரட்டியும் தேங்காய் மட்டையும் போட்டு மூடி, மேலே தகரம் சாய்த்துச் சுட்டேன். மறுநாள் ஒன்றை எடுத்துச் சுண்டினேன். கணீரென்றது. எனக்கு அழுகை வந்தது. அக்கா பார்ப்பதற்குள் துடைத்துக்கொண்டேன்.

சிராங்கூன் ரோட்டுக் கோயில் வாசலில் கூடையோடு உட்கார்ந்தேன். அங்கே நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் அகல் தருவித்து விற்கும் வியாபாரி ஒருவர் இருந்தார். இரண்டு பெண்கள் என் கூடையில் கை வைத்தபோது அவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார்:

"பாத்து வாங்குங்கம்மா. அது தாலி அறுத்தவ கை பட்ட வெளக்கு."

அவர்கள் கையை எடுத்துவிட்டார்கள். அன்று ஒருவரும் வாங்கவில்லை. மறுநாளும் போய் அதே இடத்தில் உட்கார்ந்தேன். அதற்கும் மறுநாள் போனேன். வாங்குவார்கள் என்று எண்ணிப் போகவில்லை. போகாமல் இருந்தால் அவர் சொன்னது சரி என்று ஆகிவிடும் அல்லவா?

கார்த்திகை அன்று சாயங்காலம் மழை விட்டிருந்தது. அக்காவிடம் தேங்காய் எண்ணெய் வாங்கி, பழஞ்சேலையைக் கிழித்துத் திரி திரித்து, கொட்டகை வேலியிலிருந்து ரோட்டு முனைவரை என் விளக்குகளை வரிசையாக வைத்து நானே ஏற்றினேன். போகிறவர்கள் நின்று பார்த்தார்கள்.

"நீ ஏத்தலாமா?" என்று ஒரு கிழவர் கேட்டார்.

"எரியுதுங்களே, தாத்தா" என்றேன்.

அக்கா அப்போது ஏழு மாதம். வந்து குனிந்து, வரிசையில் ஒரு விளக்கை எடுத்து, எல்லார் முன்னாலும் தன் வீட்டு வாசலில் கொண்டுபோய் வைத்தாள். அவள் மாமியார் ஏதோ முணுமுணுத்தார். அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. தை மாதம் அவளுக்குப் பெண் பிறந்தது. தாயும் பிள்ளையும் சௌக்கியம். அதை நான் யாரிடமும் போய்ச் சொல்லவில்லை; கொட்டகைப் பெண்களே சொல்லிக்கொண்டார்கள்.

மறு வருஷம் அந்த வியாபாரியின் சரக்கு கடலில் அடிபட்டுப் பாதிக்கு மேல் உடைந்து வந்து சேர்ந்தது. அவரே கொட்டகைக்கு வந்தார். வேட்டியில் சாணி படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஒங்கிட்ட இருக்கறதெல்லாம் நான் எடுத்துக்கறேன். ஒண்ணு மட்டும். உள்ள இந்தக் கட்டவெரல் பள்ளம் தெரியுது பாரு, அத ஈரத்துணியால வழிச்சுடு. கப்பல் சரக்கோட கலந்துடலாம். யாரு செஞ்சதுன்னு வெளிய தெரியவேணாம்."

"தெரியணும் மொதலாளி" என்றேன்.

"தெரிஞ்சா யாரு வாங்குவா?"

"வாங்கறவங்க வாங்கட்டும். நானே கோயில் வாசல்ல வச்சு விக்கறேன். இது யாரு கை பட்டதுன்னு போன வருஷம் சொன்னீங்கல்ல, இந்த வருஷமும் சொல்லுங்க."

அவர் முகம் சுருங்கியது. "திமிரு" என்றார்.

"ஆமா."

கார்த்திகைக்கு முந்தின நாள் என் இடத்தில் உட்கார்ந்தேன். முதலில் வந்தவர்கள் கொட்டகைப் பெண்கள். பிறகு துறைமுகக் கூலிகளின் மனைவிமார். உச்சிக்கு மேல் எனக்கு முகம் தெரியாதவர்கள். அந்த வியாபாரி பார்த்துக்கொண்டு இருந்தார்; வாய் திறக்கவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ கார்த்திகை அதே வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். கடைசிவரை என் விளக்கைத் தொடாதவர்களும் உண்டு. என்னைக் கண்டதும் ரோட்டின் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவார்கள். நான் அவர்களைக் கூப்பிட்டதும் இல்லை, என் கூடையை நகர்த்திக்கொண்டதும் இல்லை.