பதினோராவது கோல்

2024 ஜனவரி 25, தைப்பூச நாள், இரவு ஒன்பதரை மணி. ஜொகூர் மாநிலத்து மாசாயில் மழை விட்டு, கூரை மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. ஆசியக் கிண்ணக் கால்பந்தில் மலேசியா தென் கொரியாவுடன் மூன்றுக்கு மூன்று என்று சமன் செய்து ஆட்டம் முடிந்திருந்தது.

எனக்கும் பக்கத்து வீட்டுச் சூசைக்கும் நடுவே ஒரே சுவர்தான். என்னைப் போலவே அவனும் தனியாக வாழும் கிழவன். மலேசியா கோல் போட்டால் சுவரில் ஒருமுறை தட்டுவது எங்கள் வழக்கம். அன்று மூன்று கோலுக்கும் அவன் தட்டவில்லை.

ஆட்டம் முடிந்த பிறகுதான் சத்தம் வந்தது. மெதுவாக, நீண்ட இடைவெளி விட்டுத் தட்டினான். மூன்றோடு நிற்கவில்லை. நான் எண்ணினேன். ஆசியக் கிண்ணத்தில் நாம் 1976இல் போட்டது ஒன்று, 1980இல் ஐந்து, 2007இல் ஒன்று, இன்று மூன்று. மொத்தக் கணக்கையும் தட்டுகிறான் என்று சிரித்தேன்.

"பத்து! போதும்லா சூசை, சுவரு இடிஞ்சிரும்!"

பதினோராவது முறையும் தட்டும் சத்தம் கேட்டது.

நாம் போடாத கோல் அது. அந்தப் பக்கம் டிவி சத்தமே இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். வெளியே போய்ப் பார்த்தால் அவன் வீடு முழுக்க இருட்டு.

எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டுப் பூட்டை உடைத்தோம். சூசை குளியலறைத் தரையில் இடுப்பு முறிந்து, கையில் செருப்போடு கிடந்தான்.

"நான் தட்டத் தட்ட உக்காந்து எண்ணிக்கிட்டா இருந்த, மடையா?"

பிழைத்துக்கொண்டான். ஆனால் பத்தோடு அவன் கை ஓய்ந்திருந்தால் நான் சிரித்தபடியே தூங்கப் போயிருப்பேன். இதை இன்னும் அவனிடம் சொல்லவில்லை. புதுப் பூட்டுக்கு மட்டும் பணம் கொடுத்தேன், அறுபத்தெட்டு வெள்ளி.