மதகுத் தண்ணீரை எடுத்துக்கொண்டு தஞ்சாவூருக்கு

காலை ஆறு பத்துக்குக் கீழ்வேளூர் கடைத்தெருவில் திருவாரூர் பேருந்து ஏறினேன். தை அமாவாசைக்கு மறுநாள். கையில் இரண்டு பை. ஒன்றில் நான்கு இட்லியும் ஒரு துண்டும். இன்னொன்றில் ஒரு லிட்டர் பாட்டில், நிறைய எங்கள் ஊர் மதகுத் தண்ணீர். முதல் நாள் சாயங்காலம் மதகைத் திறந்தபோது யாருக்கும் தெரியாமல் மொண்டு வைத்தது.

எங்கள் ஊர் கீழ்வேளூருக்குக் கிழக்கே ஏழு கிலோமீட்டர். அதற்கப்பால் கொஞ்ச தூரத்தில் கடல். மேட்டூர்த் தண்ணீர் எங்களிடம் வந்து சேரும்போது வாய்க்காலில் கணுக்கால் நனையாது. பயிருக்குக் கடைசியாகப் பாய்ச்சும் தண்ணீருக்கு, மேல் வயல்களின் மிச்சம் ஓடிவரும் வடிகாலைத்தான் நம்ப வேண்டும். அமாவாசை, பௌர்ணமிக்குக் கடல் பொங்கி வடிகாலில் ஏறும். நல்ல தண்ணீரா உப்பா என்று பார்த்துத்தான் மதகைத் திறக்க வேண்டும். நான்கு பேர் வாயில் வைத்துப் பார்த்தால் நான்கு விதமாகச் சொல்வார்கள், சண்டையில் முடியும். அதனால் ஒரே ஆள் பார்ப்பது என்று ஊரில் வைத்திருக்கிறோம். மதகுக்கு நாற்பது அடியில் என் வீடு. பதினெட்டு வருடமாக நான்தான் அந்த ஆள். வாயில் ஊற்றித் துப்பிவிட்டுத் தலையை ஆட்டுவேன். நான்கு பேர் முன்னால் பேசுவது எனக்கு வராது, தலையாட்டல் போதும் என்றார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு காய்ச்சல் வந்து போனதிலிருந்து என் நாக்குக்கு உப்பு தெரியவில்லை. சர்க்கரையும் தெரியவில்லை. இதை யாரிடமும் சொல்லவில்லை. வெட்கம் ஒன்று. ஊரில் என்னைத் தேடி ஆள் வருவது அந்த ஒரு காரியத்துக்குத்தான், அதுவும் போய்விடும் என்ற பயம் இன்னொன்று. நுரையைப் பார்த்து, மீனைப் பார்த்து, குத்துமதிப்பாகத் தலையாட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு வருடமும் மழை காப்பாற்றியது.

போன வருடம் தஞ்சாவூரிலிருந்து பொறியியல் படித்த நான்கு பேர் வந்தார்கள். மதகில் ஒரு பெட்டி வைப்போம், அதன் கம்பி தண்ணீரில் தொங்கும், உப்பு ஏறினால் சிவப்பு விளக்கு எரியும், கைப்பேசிக்கும் செய்தி வரும் என்றார்கள். அவர்களிடம் காசு கிடையாது. நான் தண்ணீரை வாயில் வைத்துத் தலையாட்டுவதைப் படம் பிடித்து இணையத்தில் போட்டார்கள். எங்கெங்கோ இருக்கிற, முகம் தெரியாத மனிதர்கள் நூறும் இருநூறுமாகப் போட்டு அந்த வேலைக்குப் பணம் சேர்ந்தது. ஐப்பசியில் பெட்டி வரும் என்றார்கள். கார்த்திகை போனது, மார்கழி போனது. தை பிறந்ததும் "நேரில் வாருங்கள், முக்கியமான செய்தி" என்று அழைப்பு வந்தது. பெட்டி வந்தால் என் பொய் யாருக்கும் தெரியாமல் முடிந்துபோகும். அதற்காகத்தான் கிளம்பினேன்.

திருவாரூர் வரை பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அங்கே ஏழு மணிக்குத் தஞ்சாவூர் பேருந்து, ஐம்பத்தெட்டு கிலோமீட்டர், நாற்பத்தைந்து ரூபாய். மதகைத் திறந்து மூடுகிற கோவிந்தராசு துணைக்கு வந்தார். அவருக்கு ஐம்பது வயது, என்னை அத்தை என்பார். கொரடாச்சேரி தாண்டியதும் இரு பக்கமும் சம்பா கதிர் தலை சாய்த்து நின்றது. இங்கெல்லாம் தண்ணீர் முன்னாலேயே வந்துவிடும். எங்கள் பக்கம் அப்போதுதான் பால் பிடிக்கிறது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் குழந்தைக்கு மாத்திரை கொடுக்க வேண்டும் என்று பாட்டிலுக்குக் கை நீட்டினாள்.

"இது குடிக்கிற தண்ணி இல்லம்மா."

"பின்ன என்னத்துக்குங்க மடியில வச்சிருக்கீங்க, கோயில் தீர்த்தமா?"

பின் சீட்டிலிருந்து கோவிந்தராசு எட்டிப் பார்த்தார். "அது என்ன அத்தை, கலங்கலப் பாத்தா நம்ம மதகுத் தண்ணிதானே, ஊர்த் தண்ணிய ஊருக்கே தெரியாம கடத்திட்டுப் போறீங்க?"

"பெட்டி சரியாச் சொல்லுதான்னு பாக்கறதுக்கு" என்றேன்.

"பெட்டியையே சோதிக்கறீங்களா! உங்க நாக்குக்குப் போட்டியா ஒன்னு வந்தா விடுவீங்களா!"

அவர் சிரித்தார். நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஒன்பது ஐந்துக்குத் தஞ்சாவூர் புதிய பேருந்து நிலையம். ஆட்டோவுக்கு நூறு ரூபாய் கேட்டு எண்பதுக்கு வந்தார்கள். மருத்துவக் கல்லூரி சாலைக்குப் பின்னால் ஒரு வீட்டு மாடி. படியில் செருப்புகள். உள்ளே மேசை முழுக்கப் பச்சைத் தகடுகள், ஒயர்கள், ஈயம் பற்றவைத்த வாசனை. வாசனை எனக்கு இன்னும் தெரிகிறது. எங்களைப் போலக் கடலோர ஊர்களிலிருந்து பத்துப் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். பணம் போட்டவர்கள் அவரவர் ஊரிலிருந்து பார்ப்பதற்காக ஒரு கைப்பேசியை எதிரே நிறுத்தியிருந்தார்கள். அதைப் பார்த்ததும் நான் கடைசி நாற்காலிக்குப் போய்விட்டேன்.

நிவேதா என்கிற பெண்தான் தலைமை. இருபத்தெட்டு வயது இருக்கும், கண்ணுக்குக் கீழே கருவளையம். உள்ளங்கையில் எதையோ வைத்துக் காட்டினாள். நெல்மணியில் பாதிகூட இல்லை.

"இந்தச் சில்லுதாங்க உப்ப அளக்கறது. வெளிநாட்டுல ஒரே ஒரு கம்பெனி செய்யுது. பெரிய பெரிய ஆளுங்க மொத்தமா வாங்கிட்டாங்க. எங்கள மாதிரி சின்ன ஆளுங்களுக்கு ஒரு வருஷம் கழிச்சுத் தர்றோம்ங்கறாங்க. வேற சில்லுக்குத் தோதா மூணு தடவ தகட்ட மாத்தினோம், அதுவும் கிடைக்கல. சந்தையில வாங்கினது போலி, பேர அழிச்சிட்டு வேற பேர் அச்சடிச்சிருந்தான்."

"எப்பலேர்ந்துங்க கிடைக்கல?" என்று யாரோ கேட்டார்கள்.

அவள் உள்ளங்கையை மூடிக்கொண்டாள். "ஆடியிலேர்ந்து."

ஆறு மாதம். ஒருவரும் எங்களிடம் சொல்லவில்லை. கேட்க நினைத்தேன். நான் இரண்டு வருடம் சொல்லாதவள், என்ன கேட்பது?

"பெட்டிய நிறுத்தலைங்க. திட்டத்த மாத்தியிருக்கோம்" என்று புதுப் பெட்டியை எடுத்தாள். அது தண்ணீர் எவ்வளவு உயரம் என்று மட்டும் அளக்கும். உப்பு பார்ப்பது பழையபடி மனிதர்தான். பார்த்துவிட்டுப் பச்சைப் பொத்தானையோ சிவப்புப் பொத்தானையோ அமுக்கினால் செய்தி எல்லோருக்கும் போகும்.

"அப்ப பெட்டிக்கு நாக்கு இல்லன்னு சொல்லுங்க" என்றார் கோவிந்தராசு.

"நாக்குக்குத்தான் அம்மா இருக்காங்களே!" என்று பெட்டியைத் திருப்பிக் காட்டினாள். மூடியில் என் படம் ஒட்டியிருந்தது. கையில் தண்ணீர், வாய் குவிந்து, கண் மூடி. எல்லோரும் கை தட்டினார்கள். கைப்பேசியை என் பக்கம் திருப்பினார்கள். தலையை ஆட்டினேன். எனக்குத் தெரிந்தது அதுதானே.

பதினொரு மணிக்குத் தேநீர் கொடுத்தார்கள். எல்லோரும் பால்கனிக்குப் போனதும் பாட்டிலை எடுத்துக்கொண்டு நிவேதாவிடம் போனேன்.

"ஏம்மா, உப்பு பாக்கற பெட்டி ஒன்னுகூட இல்லையா?"

"முதமுதல்ல செஞ்சது ஒன்னு இருக்கும்மா. அடுத்த வாரம் சென்னையில காட்டறதுக்கு."

"இத ஒரு தடவ பாத்துச் சொல்லு."

அலமாரியிலிருந்து அதை எடுத்து, கம்பியைப் பாட்டிலில் விட்டாள். ஏதோ எண் வந்தது, எனக்குப் புரியவில்லை. சிவப்பு விளக்கு புரிந்தது.

"நல்ல உப்பும்மா இது! வயலுக்கு ஆகவே ஆகாது. எங்க எடுத்தீங்க?"

கோவிந்தராசு தேநீரோடு உள்ளே வந்தார். "என்ன அத்தை, பெட்டி பாஸா?"

"கோவிந்தராசு, இது நேத்து நாம திறந்த தண்ணி."

"நல்ல தண்ணின்னு தலைய ஆட்டினீங்களே?"

"தெரியாமதான் ஆட்டினேன். நாக்கு போயி ரெண்டு வருஷமாச்சு. உன் கையில இருக்கற இந்த டீயக் குடிச்சாக்கூட சர்க்கரை இருக்கான்னு எனக்குத் தெரியாது."

அவர் டம்ளரைத் தரையில் வைத்துவிட்டுக் கைப்பேசியை எடுத்தார். மதகுக்கு முதல் வயல் முத்துலட்சுமியுடையது. மூன்று மா, ஒரு ஏக்கர்தான், அதுவும் குத்தகை.

"முத்து, ஓடு. மதக அடை. வயல்ல நிக்கற தண்ணிய வெட்டி விடு. உப்பு... ஆமாடி, உப்புதான்... யாரு சொன்னாங்களா?" என்னைப் பார்த்தார். "அத்தைதான் சொல்றாங்க."

நிவேதா என் கையைப் பிடித்தாள். "அம்மா, படம் எடுத்தப்பவே உங்களுக்கு உப்பு தெரியாதா?" தெரியாது என்று தலையாட்டினேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. "இத இப்ப வெளியில சொல்லாதீங்கம்மா. அந்தப் படத்த நம்பித்தான் எல்லாரும் பணம் போட்டாங்க."

"அப்ப இந்தப் பழைய பெட்டிய எங்களுக்குக் குடுத்துடேன்."

"ஒன்னே ஒன்னும்மா. இதையும் காட்டலன்னா எங்கள ஏமாத்துக்காரங்கன்னுடுவாங்க."

கெட்ட பெண் இல்லை. அழுகிற மாதிரிதான் சொன்னாள். பழைய பெட்டியை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். புதுப் பெட்டி ஒன்றை அட்டையில் கட்டி என் கையில் கொடுத்தாள்.

பன்னிரண்டே முக்காலுக்குத் திரும்பும் பேருந்து. மறுபடி நாற்பத்தைந்து ரூபாய். சீட்டு நிறையக் காலியாக இருந்தது. கோவிந்தராசு என்னருகில் உட்காரவில்லை, கடைசி வரிசைக்குப் போனார். நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் மூடி, முக்கால் மணி நேரம் நின்றோம். எல்லோரும் இறங்கிக் கடலை வாங்கினார்கள். அவரும் இறங்கினார். சன்னல் வழியே, "என்ன ஆச்சுன்னு முத்து சொன்னாளா?" என்று கேட்டேன்.

"முழங்கால் தண்ணி நின்னுதாம், வெட்டி விடறாளாம்" என்றார். போனவர் இரண்டடி திரும்பி வந்தார். "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே அத்தை. வேற ஆள வச்சிருப்போம். உங்கள யாரு என்ன சொல்லியிருப்பா?"

ஊதிக்கொண்டு ரயில் போனது.

மாலை ஐந்தரை மணிக்கு மதகடியில் இறங்கினேன். முத்துலட்சுமி வரப்பில் நின்றிருந்தாள். முழங்கால் வரை சேறு. நான் சொல்லும் முன்பே கோவிந்தராசு எல்லாவற்றையும் சொன்னார். அவள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். என் கையில் இருந்த பாட்டிலை வாங்கித் திறந்து, ஒரு வாய் ஊற்றிக் கொப்பளித்து, என் காலடியில் துப்பினாள்.

"கரிக்குதே அத்தை. இது தெரியலையா?" என்றாள். நிஜமாகவே கேட்டாள்.

நான்காம் நாள் அவளுடைய பயிரின் நுனி கருகியது. மூன்று மாவில் ஒரு மா தேறலாம் என்கிறார்கள்.

பெட்டியை மதகில் மாட்டியிருக்கிறோம். தண்ணீர் உயரத்தைச் சரியாகச் சொல்கிறது. காலையில் முத்துலட்சுமி வந்து, தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்துப் பொத்தானை அமுக்குகிறாள். மூடியில் இன்னும் என் படம்தான். தஞ்சாவூருக்கு எழுபத்தெட்டு கிலோமீட்டர் ஒரே நாளில் போய் வந்துவிட்டேன். வாசலிலிருந்து மதகுக்கு நாற்பது அடி, அவள் வந்து போகிற வரை கதவைத் திறப்பதில்லை.