அழைப்புக்கு வாசிக்கிறவன்

வாரத்தில் ஐந்து நாள் லோரன் ஹாஸ்டெட்லருக்கு வண்டிக் கம்பெனியில் வேலை. வீட்டையே இழுத்துக்கொண்டு ஊர் சுற்றுவார்களே, அந்த வண்டிகளுக்கு ஜன்னல் பொருத்துவான். சனிக்கிழமையானால் 'பச்சைக் களிமண்' ராக் குழுவின் கிடார்க்காரன். நாங்கள் குயவன் கையில் இருக்கும் களிமண் என்று அர்த்தமாம். பெயர் வைத்தது பாடகன் பிரென்ட், லோரனின் மனைவி மார்லாவுக்கு அண்ணன். வடக்கு இந்தியானாவில் இவர்கள் முழங்காத சபையும் இல்லை, சந்தைத் திடலும் இல்லை. காது கிழியும். பெரியவர்கள் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, பிள்ளைகள் கெட்டுப்போகாமல் இருந்தால் சரி என்று பின்வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள்.

ஆனால் லோரன் பேர் வாங்கியது அந்தச் சத்தத்துக்கு அல்ல. கடைசியில் பிரென்ட் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "ஆண்டவர் கூப்பிடுறாரு, எழுந்து முன்னுக்கு வாங்க" என்று அழைப்புக் கொடுப்பான். அப்போது அடியில் கிடாரில் மெல்லிசாக ஓடும் நாலே நாலு சுரக்கூட்டு, அவர்கள் பாஷையில் கார்டு, லோரனுடையது. அது ஓடினால் முரட்டுப் பயல்கள்கூட மூக்கு ஒழுக அழுதுகொண்டு வருவார்கள். கீழே நிற்கும் ஊழியக்காரர்கள் அவர்கள் தலையில் கை வைத்து ஜெபிப்பார்கள். லோரன் மேலே நின்று வாசித்தபடி பார்த்துக்கொண்டிருப்பான்.

பொறாமையாக இருக்கும் அவனுக்கு. சாதாரணப் பொறாமை இல்லை, வயிறு எரியும். பள்ளிக்கூடத்தில் கிடாரைத் தொட்ட நாளிலிருந்து அழைப்பு நேரத்தில் அவன் கை சும்மா இருந்ததில்லை. அவன் தலையில் யாரும் கை வைத்ததும் இல்லை. ஆண்டவர் இருக்கிறார் என்பதில் அவனுக்குச் சந்தேகமே கிடையாது. தன் பக்கம் ஒருதரம் திரும்பினால் போதும் என்றுதான் ஏங்கினான்.

ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் இதை மார்லாவிடம் சொல்லிவிட்டான். மசித்த உருளைக்கிழங்கின் மேல் கோழி நூடுல்ஸை ஊற்றிக்கொண்டிருந்தவள் கரண்டியை நிறுத்தினாள்.

"அப்ப போக வேண்டியதுதானே? யாரு உன்னைக் கட்டிப் போட்டிருக்கா?"

"கையில கிடார் இருக்கே."

"கீழ வை. அதென்ன கைக்கொழந்தையா, வச்சா அழறதுக்கு?"

"உங்கண்ணன் கொன்னுடுவான்."

"எங்கண்ணன நான் பாத்துக்கறேன். நீ போ."

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் சந்தைத் திடலின் ஆட்டுக் கொட்டகையில் நிகழ்ச்சி. பரிசுப் போட்டிக்கு வந்த ஆடுகளை ஓரம்கட்டிவிட்டு மேடை போட்டிருந்தார்கள். பிரென்ட் அழைப்புக் கொடுத்தான். பிள்ளைகள் எழுந்து வரத் தொடங்கினார்கள். லோரன் ஒரு சுற்று வாசித்தான். இன்னொரு சுற்றும் வாசித்தான். பிறகு கிடாரைக் கழற்றி வைத்துவிட்டு மேடையிலிருந்து இறங்கினான்.

கீழே நின்றவள் ஞாயிறு பள்ளி நடத்துகிற டார்லீன். அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லு ராசா, உனக்கு என்ன வேணும்?"

எத்தனையோ வருஷமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்த பதில். "அக்கா, எனக்கு..." என்றான்.

கிடார் நின்றுபோன கொட்டகையில் விசிறிச் சத்தமும் ஆடு கத்துவதும் மட்டும்தான் கேட்டது. நடந்து வந்த பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். திடீரென்று விளக்கைப் போட்ட மாதிரி ஒருவரையொருவர் பார்த்துக் கூச்சப்பட்டார்கள். ஒருத்தன் சிரித்தான். இரண்டு பேர் திரும்பிப் போய் உட்கார்ந்தார்கள். பச்சைச் சட்டைப் பெண் ஒருத்தி மட்டும் வரவும் தெரியாமல், போகவும் மனசில்லாமல் நடுவில் நின்றாள்.

பிரென்ட் மேடை விளிம்பில் குனிந்து காதோடு சொன்னான்: "மாப்ள, ஏறு. எல்லாம் திரும்பிப் போறாங்க பாரு. ஒனக்கு அப்பறம் தனியா ஜெபிச்சுக்கலாம்."

லோரன் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தான். அவளுக்கு என்ன வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. டார்லீனின் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டு மேலே ஏறினான்.

நாலு கார்டு மறுபடி ஓடியது. அந்தப் பெண் நடந்தாள். அவன் நின்ற அதே இடத்தில் வந்து நின்று, டார்லீனின் தோளில் விழுந்து குலுங்கிக் குலுங்கி அழுதாள். உட்கார்ந்துவிட்ட பயல்களும் எழுந்து வந்தார்கள். லோரன் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே வாசித்தான்.

ஆம்ப்ளிபயரை வேனில் ஏற்றும்போது பிரென்டுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

"இந்த மாதிரி நீ வாசிச்சதே இல்ல மாப்ள! ஆண்டவர் இன்னிக்கு ஒன் பக்கத்துலயே நின்னாரு."

"எனக்குத் தெரியல மச்சான்" என்றான் லோரன்.

என்ன ஒரு தன்னடக்கம் என்று பிரென்ட் அவன் முதுகில் தட்டிக்கொடுத்தான்.